மரக்காணத்தில் மூச்சுக்கு ஒரு முருகா

மாட்டுக்கு எவ்வளவு வேர்க்கிறது என்று பார்ப்பதற்காக விமானம் ஏறிப் போனவன் மலேசியாவில் எங்கள் தைப்பிங் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோயில் கமிட்டியில் இதைச் சொன்னபோது தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பழனிக்குப் போறேன்னு சொல்லு, திருச்செந்தூருக்குப் போறேன்னு சொல்லு, மாலை போட்டு அனுப்பலாம். மாட்டு வேர்வைக்கு எப்படிய்யா மாலை போடறது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் மாலை போட்டுத்தான் அனுப்பினார்கள்.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குப் பிறகு எனக்குப் பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம் எல்லாம் மாட்டுக் கொட்டகைதான். வீடு வீடாகப் பால் ஊற்றிப் பிள்ளைகளைக் கரையேற்றினேன். என் கொட்டகைக்கு ஒரு வருடமாக வந்துகொண்டிருந்தவர் டாக்டர் ஹலிம். ஊசி போடுகிற டாக்டர் அல்ல, பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர். மலாய்க்காரர், தங்கமான மனிதர். அவருடைய மடிக்கணினிக்குள் ஒரு மாடு இருந்தது. உருவம் கிடையாது, எல்லாம் கணக்கு. இவ்வளவு வெயில், இவ்வளவு காற்று, இவ்வளவு ஈரம் என்று சொன்னால், இவ்வளவு மூச்சு வாங்கும், இவ்வளவு பால் குறையும் என்று அந்த மாடு பதில் சொல்லும்.

"ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்," என்று மலாயில் எனக்கு விளக்கினார். "வெயில், சூடான கூரை, சூடான தரை, வயிற்றில் செரிக்கிற தீனி, எல்லாம் உள்ளே ஊற்றுகிற குழாய்கள். மூச்சு, வேர்வை, காற்று, இவை வெளியே விடுகிற குழாய்கள். உள்ளே வருவது அதிகமாகிவிட்டால் தொட்டி வழியும். மாடு நாக்கைத் தள்ளும்."

எங்கள் ஊரில் பிற்பகலானால் மழை வந்து அவர் கணக்கைக் கெடுத்துவிடுகிறது. மழையே இல்லாத வெயில், கடலோர ஈரக்காற்று, இரண்டும் சேர்ந்த இடம் வேண்டும் என்று தேடினார். புதுச்சேரியில் இருந்த அவருடைய நண்பர் ஒருவர் மரக்காணம் உப்பளத்தைச் சொன்னார். மாட்டு பாஷையும் தமிழும் தெரிந்த ஆள் கூட வேண்டும் என்றார் ஹலிம். அப்படித்தான் நான் போனேன். கடல் பொங்கி வந்து அத்தனை பேரை வாரிக்கொண்டு போனதே, அதற்கு அடுத்த கோடை. கத்திரி வெயில்.

தங்கியது கோட்டக்குப்பத்தில், சலீம் பாய் வீட்டு மாடியில். சலீம் பாய் துபாயில் வண்டி ஓட்டியவர். திரும்பி வந்து சொந்தமாக ஒரு பழைய வேன் வைத்திருந்தார். எங்களுக்கு வீட்டுக்காரரும் அவரே, டிரைவரும் அவரே. போன அன்று காலையில், "நாஷ்டா பண்ணிட்டீங்களா அண்ணே?" என்றார். நாங்கள் பசியாறுவது என்று சொல்வதை அங்கே அவர்கள் நாஷ்டா என்கிறார்கள். பேர் எதுவானாலும் ஆப்பம் ஒன்றுதான்.

நான் சுத்த சைவம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றபோது, கதவுக்குப் பின்னாலிருந்து சலீம் பாய் வீட்டம்மா, "ஏங்க, அவர் நெத்திய பாத்தா தெரியலியா? புதுச் சட்டி வாங்கிட்டு வாங்க. அவருக்குத் தனியா ஆக்கிடறேன்," என்றார். அந்தப் புதுச் சட்டியில் அவர் வைத்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஹலிமுக்கு மீனும் இறாலும். "உன் கடவுள் உன்னைப் பட்டினி போடுகிறார்," என்று ஹலிம் என்னைச் சீண்டுவார். "உங்க கடவுள் உங்களுக்கு முள்ளு எடுத்துத் தரலியே," என்பேன்.

மரக்காணத்துக்குக் கடலோரச் சாலையில் வடக்கே போக வேண்டும். நம் நாட்டில் நெடுஞ்சாலையில் ஆடு படுத்திருக்காது. அங்கே படுத்திருக்கிறது. வண்டிதான் சுற்றிப் போகிறது. பாதி வழியில் வேனின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. சலீம் பாய் பதற்றமே இல்லாமல் இறங்கி, ஒரு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். "வெயிலுக்கு இதுக்கும் தாகம் எடுக்குது டாக்டர் சாப்," என்றார். நான் அதை மலாயில் சொன்னதும் ஹலிம் சிரித்துக்கொண்டே, "இதற்கும் ஒரு கணக்குப் போட வேண்டும்," என்றார்.

உப்பளம் கண்ணில் பட்டது. நமக்கு உப்பு என்றால் பாக்கெட். இங்கே பூமியே உப்பு. பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மினுங்குகிறது. கரையில் வெள்ளை வெளேர் என்று கோபுரம் கோபுரமாய்க் குவியல்கள். கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. நீண்ட கழி வைத்த பலகையால் ஆட்கள் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால் அந்தக் குவியல்களுக்கு ஓலைக் கீற்று வேய்ந்து மூடுவார்களாம். போன வருடத்துப் பழைய கீற்றுகள் ஒரு பக்கம் அடுக்கிக் கிடந்தன. உப்புக்கே வீடு கட்டுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

உப்பளத்தை ஒட்டியே ஏழுமலையின் வீடு. அவர் அளத்தில் வேலை செய்கிறவர். மனைவி வேதவல்லி மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். அந்த வீட்டு மாட்டைத்தான் சலீம் பாய் எங்களுக்குப் பேசி வைத்திருந்தார். ஜெர்சி கலப்பு, செம்பழுப்பு நிறம், பெயர் ஸ்டெல்லா.

"இந்துக்காரங்க வீட்டுல ஸ்டெல்லாவா?" என்று கேட்டேன்.

"கன்னுக்குட்டியா வாங்கினப்பவே அந்தப் பேருங்கண்ணா," என்றார் வேதவல்லி. "வித்தவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. நான் லட்சுமின்னு கூப்பிட்டுப் பாத்தேன், காமாட்சின்னு கூப்பிட்டுப் பாத்தேன். திரும்பிக்கூட பாக்கல. ஸ்டெல்லான்னா போதும், கயித்த அறுத்துக்கினு ஓடியாரும். அதான் வெள்ளிக்கிழமைன்னா ஸ்டெல்லாவுக்கே பொட்டு வச்சுடறது."

ஆனால் நாங்கள் பார்த்த ஸ்டெல்லா ஓடி வருகிற நிலையில் இல்லை. வாயில் நுரை தள்ள, கழுத்தை நீட்டி, விலா படபடவென்று அடிக்க நின்றுகொண்டிருந்தது. முதுகில் ஈரச் சாக்கு. வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று வேதவல்லி போர்த்தியது. தலைக்கு மேல் பளபளக்கிற தகரம். கடல் வந்து போன பிறகு தற்காலிக வீடுகள் பிரித்த இடத்தில் ஏழுமலை வாங்கி வந்த தகரம் அது. கடல் பக்கமும் தகரத்தால் அடைத்திருந்தார். உப்புக்காற்று பட்டால் மாடு இளைத்துப்போகும் என்பது அவர் எண்ணம்.

"ஊர்ல எல்லா மாடும் கீத்துக் கொட்டாய்ல நிக்குது. எங்க ஸ்டெல்லாவுக்குத்தான் மெட்டல் வீடு," என்று பெருமையாகச் சொன்னார். அடுத்த மூச்சிலேயே குரல் இறங்கிவிட்டது. "என்னா செஞ்சு என்னாண்ணா? வேளைக்கு நாலு லிட்டரு குடுத்தது, இப்ப அரைப்படிக்கு வந்துடுச்சு. ரெண்டு தபா ஊசி போட்டும் சினை நிக்கல. தரகரு கன்னியப்பன் வந்து கேட்டுட்டுப் போயிட்டாரு. உங்க கம்ப்யூட்டரு என்னா சொல்லுதுன்னு பாத்துட்டு குடுத்துடலாம்னு இருக்கேன்."

பால் இல்லாத, சினை நிற்காத மாட்டைத் தரகர் எங்கே கொண்டுபோவார் என்று எனக்குத் தெரியும். வேதவல்லிக்கும் தெரியும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டின் நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஹலிம் சாமான்களை இறக்கினார். காற்றை அளக்கச் சுற்றுகிற கிண்ணங்கள், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, தோலின் சூட்டைத் தூர நின்றே சொல்லும் துப்பாக்கி. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு கறுப்புப் பந்து. செம்பினால் செய்து, கறுப்புச் சாயம் பூசி, உள்ளே வெப்பமானி வைத்தது. மாட்டின் முதுகு உயரத்தில், பின்பக்கத்து மூலையில் அதைத் தொங்கவிட்டார். காற்றின் சூடு தவிர, கூரையும் சுவரும் எவ்வளவு சூட்டை மாட்டின் மேல் வீசுகின்றன என்பதை அது சொல்லுமாம். அதிலிருந்து ஒரு கம்பி சின்னப் பெட்டிக்குப் போனது. பெட்டி எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

என் வேலை மூச்சு எண்ணுவது. விலா ஒருமுறை எழுந்தால் ஒன்று. எனக்கு எண்ணிக்கொண்டே போனால் நடுவில் தப்பிவிடும். அதனால் கழுத்திலிருந்த ருத்திராட்ச மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஒரு மூச்சுக்கு ஒரு "முருகா", ஒரு மணி. ஹலிம் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தச் சொன்னதும் உருண்ட மணிகளை எண்ணிச் சொல்லிவிடலாம். "யார் பெயரை வேண்டுமானாலும் சொல், எண்ணிக்கை சரியாக வரட்டும்," என்றார் ஹலிம்.

உச்சி வேளையில் எண்ணத் தொடங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், "முருகா" என்று முழுதாகச் சொல்ல அந்த மாடு எனக்கு நேரம் கொடுக்கவில்லை. "முரு, முரு, முரு" என்று ஓட வேண்டியிருந்தது. கடவுள் பேரை இப்படிப் பாதியில் வெட்டும்படி ஆகிவிட்டதே என்று மனது கஷ்டப்பட்டது. அதைவிட அந்த ஜீவனைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் ஒரு விபரீதம் நடந்தது. முதல் நாள் முழுக்க ஹலிம் தொப்பி இல்லாமல் உப்பள வரப்பில் நடந்து நடந்து தரையின் சூட்டை அளந்திருந்தார். காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. தலைவலி, வாந்தி. மாட்டுக்குக் கணக்குப் போட்ட மனிதர் தனக்குப் போட மறந்துவிட்டார். சலீம் பாய் வீட்டம்மா நன்னாரிச் சர்பத் கரைத்துக் கொடுத்து, "மூணு நாளைக்கு மாடிய விட்டு எறங்கக் கூடாது," என்று உத்தரவு போட்டுவிட்டார். வேனும் அன்றைக்கென்று பட்டறைக்குப் போய்விட்டது. ஆக, நான் தனியாகப் பஸ்ஸில் போய் மூச்சு எண்ணி, சாயங்காலம் பெட்டியைக் கொண்டுவந்து ஹலிமிடம் கொடுப்பது என்று ஏற்பாடு.

பஸ் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் பஸ்ஸில் ஏறினால் பேச்சு சத்தம் கேட்காது. அங்கே ஏறிய பத்து நிமிடத்தில் என் குடும்ப விவரம் மொத்தமும் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது. மடியில் மீன் கூடை வைத்திருந்த ஒரு அம்மா, "மலேசியாவுலேர்ந்து எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். மாட்டுக்கு மூச்சு எண்ண என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், நல்லாத்தான் பேசறாரு," என்றார். இறங்கும்போது கண்டக்டர், "ஏம்பா, அந்த மாட்டு டாக்டரு எறங்கணுமாம், நிறுத்து," என்று விசில் அடித்தார். கண்டக்டர் வாயால் நானும் டாக்டர் ஆனேன்.

கொட்டகைக்குள் போனேன். மூலையில் கறுப்புப் பந்தைக் காணோம். அதாவது, கறுப்பைக் காணோம். பந்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஈர மஞ்சள் துணி சுற்றி, வேப்பிலை செருகியிருந்தது. கீழே ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர். பார்த்ததும் என் கை தானாகக் குவிந்துவிட்டது.

"தொட்டுப் பாத்தேண்ணா, கொதிக்குது," என்றார் வேதவல்லி. "கறுப்பா, உக்கிரமா இருக்குது. மாட்டக் காக்க வந்தத இப்படி எரிய வுடலாமா? எங்க அம்மனுக்கும் கத்திரில இப்படித்தான் மஞ்சத்தண்ணி ஊத்திக் குளுர வப்போம். காயக் காய ஊத்திக்கினே இருக்கேன்."

எங்கள் கோயிலிலும் அம்மனை அப்படித்தான் குளிர்விப்போம். நல்ல மனசுக்காரம்மா என்று சந்தோஷப்பட்டேன். அது வெப்பமானி என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. கும்பிட்டுவிட்டு, மாலையை எடுத்துக்கொண்டு மூச்சு எண்ண உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் எண்ணி முடித்த பிறகு, ஊருக்குள் இருக்கும் சிவன் கோயிலுக்கு நடந்தேன். பழைய கல் கோயில். நடை சாத்தியிருந்தது. நந்திக்கு நாலு தூண் நிறுத்திக் கூரை போட்டிருந்தார்கள், சுவர் கிடையாது. கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போனது. நந்தியின் காலடியில் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன். குருக்கள் வந்து எழுப்பி, "அபிஷேகத்துக்கு நேரமாச்சு, நீங்க கொஞ்சம் நகர்ந்தா நந்திக்குத் தண்ணி ஊத்தலாம்," என்றார்.

படுத்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஹலிம் கட்டிலில் சாய்ந்தபடி பெட்டியிலிருந்ததை மடிக்கணினியில் ஏற்றிப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். பிறகு, "விசித்திரமாக இருக்கிறது," என்றார். "முதல் நாள் பந்து அதிகமாகக் காட்டியது. கருவி நிலைக்கு வரவில்லை என்று அதைத் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று நாளும் பந்து குளுகுளுவென்று இருக்கிறது. கூரையால் மாட்டுக்குத் தொல்லை இல்லை. இந்த இடத்தில் என் கணக்கு மாட்டை நிறுத்தினால் நிம்மதியாக அசை போடுகிறது. ஆனால் ஸ்டெல்லா மூச்சு வாங்குகிறது. அப்படியென்றால் நோய் மாட்டுக்குள்தான் இருக்க வேண்டும்."

மறுநாள் அதை ஏழுமலையிடம் சொல்லும் பாவம் என் தலையில் விழுந்தது. "மாட்டு டாக்டர்கிட்ட காட்டச் சொல்றாருங்க," என்று மெல்லச் சொன்னேன்.

"காட்டாமலா இருந்தேன்? எத்தினி ஊசி," என்றார் ஏழுமலை. "கம்ப்யூட்டரே சொல்லிட்ட பொறவு இன்னாத்த பாக்கறது. நாளைக்குக் காலைல வரச் சொல்லிடறேன்." தரகருக்குப் போன் போட டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

வேதவல்லி அழவில்லை, சண்டை போடவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், பந்துக்கு மறுபடியும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். "எனக்கு வேற கேக்க ஆளில்ல தாயே," என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்கு என் கையில் மாலை உருளவே இல்லை.

அன்று சாயங்காலம் சலீம் பாய் வீட்டில் நாங்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். துக்கத்தை ஆற்றிக்கொள்ள ஹலிமிடம் வேதவல்லியைப் பற்றிச் சொன்னேன். "என்ன பக்தி தெரியுமா? உங்கள் கறுப்புப் பந்தைக்கூட அம்மனாக நினைத்து ஈரத்துணி சுற்றி, காயக் காய மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார். நாலு நாளாக."

ஹலிம் வாய்க்குக் கொண்டுபோன இறால் தட்டில் விழுந்தது.

"எதற்கு ஊற்றுகிறார்?"

"பந்துக்கு."

"என்னுடைய பந்துக்கா?"

"உங்கள் பந்துக்குத்தான்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தார். எனக்கும் சலீம் பாய்க்கும் ஒன்றும் புரியவில்லை. "ஈரத்துணியைச் சுற்றினால் எந்தச் சூடும் தெரியாதே! அந்தம்மா மாட்டை விட்டுவிட்டு வெப்பமானியைக் குளிர வைத்திருக்கிறார். கூரை கொதிக்கிறது, என் பந்து மட்டும் சுகமாகக் குளிக்கிறது!" அப்புறம்தான் அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. தரகர் நாளைக் காலையில் வருகிறார்.

"விடியக்காலம் ஃபஜர் தொழுததும் கெளம்பிடலாம்," என்றார் சலீம் பாய்.

கிளம்பினோம். பட்டறையிலிருந்து திரும்பியிருந்த வேன், அதே பாதி வழியில், அதே இடத்தில் நின்றுவிட்டது. சலீம் பாய் குடம் குடமாக ஊற்றியும் அசையவில்லை. "இதுக்கும் தரகரக் கூப்பிட வேண்டியதுதான்," என்று கதவை உதைத்தார். வடக்கே உப்பு ஏற்றப் போன காலி லாரி ஒன்றைக் கை காட்டி நிறுத்தினோம். டிரைவர் பக்கத்தில் ஹலிம், பின்னால் உப்புத் தூள் பறக்க நானும் சலீம் பாயும். போய் இறங்கியபோது என் நெற்றி விபூதி எது, உப்பு எது என்று தெரியாத கோலம்.

தரகர் கன்னியப்பன் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார். கயிறு ஏழுமலையின் கையில் இருந்தது. வேதவல்லி கதவோரம்.

"நிறுத்துங்க, கணக்கு தப்பு!" என்று லாரியிலிருந்தே கத்தினேன்.

ஹலிம் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். துணியை அவிழ்த்துவிட்டுப் பந்தைத் துடைத்து மறுபடி அளக்க வேண்டும் என்றதும் வேதவல்லி குறுக்கே வந்து நின்றார். "சாமி மேல கட்னத எப்படிண்ணா அவுக்கறது? குத்தமாயிடாதா?"

ஹலிம் கை வைக்கத் தயங்கினார். பிற மதத்தார் நம்பிக்கை, தான் தொடக் கூடாது என்று பின்வாங்கிவிட்டார். இங்கேதான் கோயில் கமிட்டியில் பத்து வருஷம் இருந்தது எனக்கு உதவியது. "திருவிழா முடிஞ்சா அம்மனுக்குக் காப்பு அவிழ்க்கிறது இல்லையாம்மா?" என்றேன். "மூணு நாள் குளிர வச்சீங்க, நாலாம் நாளும் வச்சீங்க. திருவிழா முடிஞ்சது. முறைப்படி அவிழ்ப்போம்."

அவர் யோசித்தார். உள்ளே போய்க் கற்பூரம் எடுத்து வந்தார். வைக்கோல் இல்லாத பக்கமாகத் தள்ளி வைத்துக் காட்டினோம். தரகர்கூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். மஞ்சள் துணியை நானே அவிழ்த்து வெளியே வேப்ப மரத்துக் கிளையில் கட்டினேன். வேதவல்லியே பந்தைக் கழுவித் துடைத்தார். மறுபடி கறுப்பு.

வெயில் ஏற ஏற, பெட்டியின் சின்னக் கண்ணாடியில் எண்கள் ஏறத் தொடங்கின. தரகரும் ஏழுமலையும் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தார்கள். "ஏறுதுடா, ஏறுதுடா," என்றார் தரகர். ஹலிம் அந்த எண்களை மடிக்கணினியில் போட்டார். கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கணக்கு மாடும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

"மாடு நல்ல மாடு. வீடுதான் அடுப்பு," என்றார்.

ஏழுமலை நம்பாமல் கொட்டகை ஓரத்துத் திட்டின் மேல் ஏறி, தகரத்தின் அடிப்பக்கத்தில் கையை வைத்தார். "ஐயோ, யம்மா!" என்று கையை உதறிக்கொண்டே இறங்கினார்.

"மெட்டல் வீடு," என்றார் வேதவல்லி, வேறெங்கோ பார்த்தபடி.

ஈரச் சாக்கைப் பற்றியும் கேட்டார்கள். "காத்தே வராத எடத்துல ஈரச் சாக்கு போட்டா, இட்லிப் பானைக்குள்ள உக்கார வச்ச மாதிரி," என்று நான் மொழிபெயர்த்தேன். ஹலிம் இட்லியைச் சொல்லவில்லை. ஆனால் சொல்ல நினைத்தது அதைத்தான். மேலும் அவர் சொன்னார்: "இந்தம்மா செய்த வைத்தியம் சரியானது. நோயாளிதான் மாறிப்போனார். சாக்கை எடுத்துவிட்டு மாட்டின் மேல் தண்ணீர் ஊற்றட்டும், காற்று வந்து அதைக் காய வைக்கட்டும். காயக் காய ஊற்றட்டும். சூடு வெளியே போகும்."

காற்று வர வேண்டுமானால் கடல் பக்கத்து அடைப்பைப் பிரிக்க வேண்டும். ஏழுமலைக்கு மனம் வரவில்லை. "உப்புக்காத்துண்ணா, மாடு இளைக்கும்," என்றார்.

"உங்க ஊர் நந்திக்குச் சுவர் இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"எளைச்சிருக்கா?"

தரகர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏழுமலைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த பிறகு மனிதனால் பிடிவாதம் பிடிக்க முடிவதில்லை. கம்பியை எடுத்து அடைப்பை நெம்பத் தொடங்கினார். அளத்தில் அடுக்கிக் கிடந்த பழைய கீற்றுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, நாங்கள் எல்லோருமாகத் தகரத்தின் மேல் இரண்டு அடுக்காய்ப் பரப்பினோம். தரகர்தான் கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். மாடு பிடிக்க வந்தவரிடமே கூரை வேய வேலை வாங்கிவிட்டோம். "ஞாயித்துக்கிழமை வர்றேன்," என்று துண்டை உதறினார். "அப்பவும் நாக்கு தள்ளிச்சுன்னா ஓட்டிக்கினு போயிடுவேன். சொல்லிட்டேன்."

நடுவில் கிடைத்த நாட்களில் ஹலிம் தொப்பி போட்டுக்கொண்டு, சலீம் பாய் வீட்டம்மா கட்டிக்கொடுத்த மோர்ப் பாட்டிலோடு வந்து அளந்தார். வேதவல்லி ஸ்டெல்லாவுக்குத் தண்ணீர் ஊற்றினார், காற்று காய வைத்தது, மறுபடி ஊற்றினார். நான் மாலை உருட்டினேன். முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் சொன்னால் கண் பட்டுவிடும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. தீவனத் தொட்டி காலியானதைக்கூட வேதவல்லி ஜாடையில்தான் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தரகர் சொன்னபடி வந்தார், சரியான உச்சி வேளையில். தோளில் கயிறு. கொட்டகையில் ஸ்டெல்லா படுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, அசை போட்டுக்கொண்டிருந்தது. கடல் காற்றில் அதன் காது மயிர் ஆடியது. தரகர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து மடியைப் பார்த்தார். கயிற்றைத் தோளிலிருந்து எடுத்து, சுருட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வேதவல்லி அவருக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார். "காலைல கறந்த பால்," என்றார்.

தரகர் குடித்தார். "சக்கரை கம்மி," என்றார்.

"பால் எப்படி?"

"இன்னொரு டம்ளர் குடு, சொல்றேன்."

ஏழுமலை, "சினைக்கு எப்பண்ணா ஊசி போடலாம்?" என்று என்னிடம் கேட்டார். அதை அந்த ஊர் மாட்டு டாக்டரிடம் கேளுங்கள், ஆனால் மாட்டை விற்றுவிட்டுக் கேட்காதீர்கள் என்றேன். ஸ்டெல்லா எங்கேயும் போகவில்லை. கயிறு மட்டும் தரகரோடு திரும்பிப் போனது.

நாங்கள் கிளம்ப வேண்டிய நேரம். வெளியே சலீம் பாய் வேனுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "கடைசியாக ஒரு தரம்," என்று ஹலிம் கடிகாரத்தைப் பிடித்தார். நான் ஸ்டெல்லாவுக்கு எதிரே குந்தி மாலையை எடுத்தேன். விலா எழுந்தது. "ஓம் சரவணபவ" என்றேன். முழுதாகச் சொல்லி, மணியை உருட்டி, என் மூச்சையும் ஒரு தரம் விட்டுக்கொண்ட பிறகுதான் அது அடுத்த முறை எழுந்தது.